கனடாவின் கோதுமை வாரியம்: இடைவெளிப் பணம் யாருக்குப் போனது?

2002 அக்டோபர் 31 அன்று கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில், லெத்பிரிட்ஜ் நகரில் 13 விவசாயிகள் சிறைக்குப் போனார்கள். அபராதத்தைக் கட்டியிருந்தால் போயிருக்க வேண்டியதில்லை, கட்ட மறுத்தார்கள். தங்கள் தானியத்தை உரிமம் இல்லாமல் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதுதான் வழக்கு. அவர்களில் ஒருவர் கொண்டுபோனது ஒரே ஒரு புஷல், ஏறக்குறைய 27 கிலோ கோதுமை. அதையும் விற்கவில்லை, மொன்டானாவில் ஒரு சிறுவர் மன்றத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார்.

27 கிலோவுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? வின்னிபெக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கனடா கோதுமை வாரியம் எப்படி இயங்கியது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பெர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களிலும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆற்றுப் பகுதியிலும் விளையும் கோதுமையையும் பார்லியையும் ஏற்றுமதிக்காகவோ உள்நாட்டு உணவுக்காகவோ விற்கும் உரிமை வாரியத்துக்கு மட்டுமே இருந்தது. அறுவடை முடிந்ததும் விவசாயி அருகிலுள்ள ‘எலிவேட்டர்’ எனப்படும் உயரமான தானியக் களஞ்சியத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். முதல் தவணையாக ஒரு தொகை கைக்கு வரும்; அதற்கு அரசு உத்தரவாதம் உண்டு. ஆண்டு முழுவதும் வாரியம் உலகெங்கும் விற்று, வரவுகளை ஒரே பொதுக்கணக்கில் போட்டு, செலவைக் கழித்து, மிச்சத்தை இறுதித் தவணையாகப் பிரித்துக் கொடுக்கும். இது குறைந்தபட்ச ஆதரவு விலை அல்ல. உலகச் சந்தை சரிந்தால் விவசாயியின் வருமானமும் சரியும். செப்டம்பரில் கொட்டியவருக்கும் மே மாதத்தில் கொட்டியவருக்கும், ஒரே தரமாக இருந்தால், ஒரே அடிப்படை விலை என்பதுதான் இதன் சாரம்.

ஒரு சிறு கணக்கு போடுவோம். வாரியம் ஒரு லட்சம் டன்னை 300 டாலருக்கும், இன்னொரு லட்சம் டன்னை 200 டாலருக்கும் விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 250. எல்லைக்கு அப்பால் இன்று 300 கிடைக்கிறது என்றால், எல்லையோரத்து விவசாயிக்குச் சும்மா இருக்க மனம் வருமா? அவர் தன் கோதுமையை அங்கே கொண்டுபோனால், அந்த 300 டாலர் விற்பனை பொதுக்கணக்குக்குக் கிடைக்காது, சராசரி இறங்கும். இறங்கியதும் அடுத்தவர் கிளம்புவார். சந்தை விலை 200க்கு விழுந்ததும் எல்லாரும் வாரியத்தின் வாசலுக்குத் திரும்புவார்கள். ஏறும்போது ஓடி, இறங்கும்போது ஒதுங்க இடம் கேட்கும் உறுப்பினர்களை வைத்துக்கொண்டு எந்தப் பொதுக்கணக்கும் நிற்காது.

இது வெறும் ஏட்டுக் கணக்கும் அல்ல. 1935இல் வாரியம் தொடங்கியபோது அதில் சேருவது அவரவர் விருப்பம். சந்தை விலை முதல் தவணையைவிட மேலே இருந்தபோது தானியம் தனியார் வியாபாரிகளிடம் போயிற்று. கீழே விழுந்தபோது வாரியத்திடம் குவிந்தது. 1938இல் புஷலுக்கு 80 சென்ட் முதல் தவணை அறிவித்துவிட்டு அரசு பெரும் நட்டத்தைச் சுமந்தது. போர்க்காலத்தில், 1943இல், கோதுமைக்கு வாரியம் கட்டாயமானது. சிறுவர் மன்றத்துக்குப் போன புஷல் வழக்கில் சிக்கியதன் வேர் இங்கேதான் இருக்கிறது: கட்டாயம் என்பது பொதுக்கணக்கின் சுவர், சுவரில் சிறு துளையையும் விட்டுவைக்க வாரியம் தயாராக இல்லை.

சுவருக்கு உள்ளே இருந்தவர்களின் எரிச்சலும் நியாயமானதுதான். தன் கோதுமையைத் தானே ஏற்றுமதி செய்ய ஆசைப்படும் விவசாயி முதலில் அதை வாரியத்துக்கு விற்க வேண்டும்; பிறகு வாரியம் சொல்லும் விலைக்குத் திரும்ப வாங்க வேண்டும். அதற்குப் பின்புதான் உரிமம். தன் குதிரில் கிடக்கும் தானியத்தை அதன் மேல் கைகூட வைக்காத ஒரு அலுவலகத்திடமிருந்து விலைக்கு வாங்குவது! சஸ்காட்செவனில் டூரம் கோதுமை விவசாயிகள் கூட்டாக ஒரு பாஸ்தா ஆலை தொடங்க முயன்றபோதும் இதே விதி குறுக்கே நின்றது. பக்கத்து வயலில் விளையும் கனோலா என்ற எண்ணெய்வித்தோ வாரியத்தின் பிடியில் இருந்ததே இல்லை. அதை எந்த நாளிலும் எவருக்கும் விற்கலாம்.

வாரியம் அதிக விலை பெற்றுத் தந்ததா? 1996இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் ஒன்று ஆம் என்றது. மற்றொன்று, வாரியத்தால் விவசாயிக்குச் செலவுதான் கூடியது என்றது. ஜப்பான் போலத் தரத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காத நாட்டுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு வேறு விலை என்று பிரித்து விற்க ஒற்றை விற்பனையாளரால் முடியும் என்பது முதல் தரப்பின் வாதம். அதைச் சரிபார்க்க விற்பனை விலைகள் தெரிய வேண்டும்; அவையோ வாரியத்தின் வணிக ரகசியம். வாரியம் தன்னைப் பற்றிய சந்தேகத்தைத் தானே ஊட்டி வளர்த்தது என்றுதான் சொல்வேன்.

2011இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு ஏகபோகத்தை முடிக்கச் சட்டம் கொண்டுவந்தது. விவசாயிகளிடையே அரசு வாக்கெடுப்பு நடத்தாததால், வாரியமே அஞ்சல் வழியாக நடத்தியது. வாக்களித்தவர்களில் கோதுமைக்கு 62 சதவீதமும், பார்லிக்கு 51 சதவீதமும் ஏகபோகம் தொடர வேண்டும் என்றார்கள். நூறு ஏக்கர்க்காரருக்கும் பத்தாயிரம் ஏக்கர்க்காரருக்கும் ஒரே வாக்கு என்றால் எப்படி என்று எதிர்த்தரப்பு கேட்டது. வழக்குகள் நடந்தன. 2012 ஆகஸ்ட் 1 அன்று ஏகபோகம் முடிந்தது.

அப்போது இரு தரப்பும் சுதந்திரம், ஒற்றுமை என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தன. கவனிக்க வேண்டிய எண்ணோ வேறு: துறைமுகத்து விலைக்கும் ஊர் எலிவேட்டர் விலைக்கும் உள்ள இடைவெளி. சஸ்காட்செவனிலிருந்து வான்கூவர் துறைமுகத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. நடுவில் ராக்கி மலைத்தொடர். இரண்டே பெரிய ரயில் நிறுவனங்கள். வாரியத்தின் காலத்தில் எலிவேட்டர் நிறுவனங்கள் கமிஷன் மண்டியைப் போலத்தான் இயங்கின: அறிவித்த கூலியை எடுத்துக்கொள்ளும், சரக்கு வாரியத்துடையது. துறைமுகத்து விலையில் ரயில் வாடகையும் கூலியும் பிற செலவுகளும் போக மிச்சமெல்லாம் பொதுக்கணக்குக்கு வந்துவிடும். ஏகபோகம் போனதும் அந்த நிறுவனங்களே ஊரில் வாங்கி, துறைமுகத்தில் விற்கத் தொடங்கின. அதோடு இடைவெளியும் அவர்களுடையதாயிற்று.

முதல் ஆண்டு அமைதியாகக் கழிந்தது. 2013இல் வானம் வாரிக் கொடுத்தது: கோதுமை மட்டும் 3.75 கோடி டன், அதுவரை காணாத விளைச்சல். தொடர்ந்து கொடுங்குளிர். ரயில்கள் திணறின, எலிவேட்டர்கள் நிரம்பி வழிந்தன, துறைமுகத்தில் கப்பல்கள் காத்துக் கிடந்தன. கப்பலருகே நல்ல விலை, வயலருகே வாங்க ஆளில்லை. தானியத்துக்கான ரயில் வருவாய்க்கு 2000 முதலே சட்டப்படி உச்சவரம்பு இருந்ததால், தட்டுப்பாட்டைக் காட்டி ரயில் நிறுவனங்களால் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியவில்லை. ஆகவே விரிந்த இடைவெளியின் பெரும்பங்கு எலிவேட்டரும் துறைமுகக் கிடங்கும் வைத்திருந்த தானிய நிறுவனங்களிடம் போயிற்று. 2014 மார்ச்சில் இரு ரயில் நிறுவனங்களும் வாரத்துக்கு ஐந்து லட்சம் டன் வீதம் ஏற்றியே ஆக வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. சந்தையைத் திறந்துவிட்ட அதே அரசு!

வாரியம் இருந்திருந்தாலும் புதிய ரயில் என்ஜின்கள் முளைத்திருக்காது. தானியம் அப்போதும் தேங்கித்தான் கிடந்திருக்கும். துறைமுகத்து விலையில் விற்ற பணம் பொதுக்கணக்குக்கு வந்திருக்கும் என்பதுதான் வித்தியாசம். மறுபக்கமும் உண்டு. இடைவெளியில் லாபம் தெரிந்ததும் முதலீடு வந்தது; புதிய எலிவேட்டர்கள் எழுந்தன, 2020இல் வான்கூவரில் புதிய துறைமுகக் கிடங்கு ஒன்று திறக்கப்பட்டது. அதைக் கட்டியது ஜி3 என்ற நிறுவனம். ஏகபோகம் போன பிறகும் எஞ்சியிருந்த வாரியத்தில் பாதிக்கு மேலான பங்கை 2015இல் எடுத்துக்கொண்ட ‘பங்கி’ (Bunge) என்ற பன்னாட்டுத் தானிய வணிக நிறுவனமும் சவுதி அரேபிய முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது அது.

இன்றைக்கு விவசாயிகள் கேட்பது சிறிய விஷயம். அமெரிக்காவில் தானிய ஏற்றுமதியாளர்கள் தங்கள் விற்பனையை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். வாரந்தோறும் அந்தப் பட்டியல் வெளியாகிறது. கனடாவிலும் அப்படி ஒன்று வந்தால், எலிவேட்டரில் சொல்லப்படும் விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி கிடைக்கும் என்கிறார்கள்.