டெஸ்ட் பாஸ் பண்ணியும் பேனலில் பெயர் வரவில்லையா? முதலில் இதைப் படியுங்கள்

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசுப் பணி வழக்குகள் நடத்துகிறேன். தென் மாவட்டங்களிலிருந்து என்னிடம் வரும் இளநிலை உதவியாளர்களும் தட்டச்சர்களும் உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "சார், நான்தான் முதல்ல டெஸ்ட் பாஸ் பண்ணேன், ஆனா அவருக்கு உதவியாளர் புரமோஷன் போட்டுட்டாங்க." இல்லையென்றால், "சார், அவரு எனக்கு அப்புறம் வேலைக்கு வந்தவரு, என்னைத் தாண்டிப் போயிட்டாரு." இரண்டு பேருமே மனம் நொந்துதான் வருகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வழக்கு நிற்குமா என்பது வேறு கேள்வி.

'டெஸ்ட்' என்கிற துறைத் தேர்வில் தேறுவது தகுதி மட்டும்தான். முன்னால் தேறினால் முன்னால் பதவி உயர்வு என்று பொது விதி எதுவும் கிடையாது. தகுதி பெற்றவர்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டு, அவர்களை முன்னுரிமைப் பட்டியலில், அதாவது பணிமூப்புப் பட்டியலில், உள்ள வரிசைப்படி பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதேபோல முன்னுரிமையில் முதலிடத்தில் இருந்தாலும், உங்கள் துறை விதி கேட்கிற கணக்குத் தேர்வோ மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வோ பவானிசாகர் அடிப்படைப் பயிற்சியோ பாக்கியிருந்தால் உங்கள் பெயரைத் தாண்டிக் கீழே போய்விடுவார்கள். இதில் இழப்பு ஒரு வருடத்தோடு முடிவதில்லை. பணியில் உங்களுக்கு இளையவர் முதலில் உதவியாளர் ஆகிவிட்டால், நீங்கள் அப்புறம் தேறி மேலே போனாலும் உதவியாளர் பட்டியலில் அவருக்குக் கீழேதான், கண்காணிப்பாளர் பதவிக்கும் அவர் பெயர்தான் முதலில் வரும். டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் டிசம்பரிலும், துறைத் தேர்வுகள் நடத்துகிறது. அதில் பல தாள்கள் புத்தகம் பார்த்தே எழுதலாம். அப்படியிருந்தும் வேலைப்பளு, பிள்ளைகளின் பரீட்சை, ஆடிட் என்று தள்ளிப்போட்டுவிட்டுப் பத்து வருடம் கழித்து வருந்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

அடுத்தது, அலுவலகத்தில் எல்லோரும் 'குரூஷியல் டேட்' என்று சொல்கிற நாள். 'பேனல்' என்கிற தேர்ந்தோர் பட்டியல், அதாவது பதவி உயர்வுக்குரியவர்களின் பட்டியல், தயாரிக்க ஒவ்வொரு பதவிக்கும் ஒரு நாளைக் குறித்து வைத்திருப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையில் உதவியாளர் பட்டியலுக்கு மார்ச் 15. அந்த நாளில் உங்களுக்கு எல்லாத் தகுதியும் இருந்ததா என்பதுதான் கேள்வி. மே மாதத் தேர்வில் தேறிவிட்டு "இந்த வருஷப் பட்டியல்ல ஏன் சேர்க்கலை" என்று கேட்டால் பதில் கிடைக்காது. அதே நாளில் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன் கீழ் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தாலும் சிக்கல்தான், அதைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டும்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும். தேர்வில் தேறிவிட்டார், கையில் தேர்ச்சி முடிவு வந்த டி.என்.பி.எஸ்.சி. புல்லட்டின் நகல் இருக்கிறது, தன் பதிவெண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆனால் பணிப்பதிவேட்டைப் புரட்டினால் அந்தத் தேர்ச்சி பற்றி ஒரு வரி கூட இல்லை. புல்லட்டின் வந்த சமயம் அவர் வேறு அலுவலகத்துக்கு மாறுதலில் போயிருக்கிறார், பழைய அலுவலகத்தில் பதியவில்லை, புதிய அலுவலகத்தில் கேட்கவில்லை. மாவட்ட அலுவலகம் விவரம் கேட்டபோது, அனுப்பிய படிவத்தில் 'தேர்ச்சி பெறவில்லை' என்று போய்விட்டது. அவருக்குக் கீழே இருந்தவர்கள் உதவியாளர் ஆகிவிட்டார்கள். இதில் யாரும் வேண்டுமென்று கெடுதல் செய்யவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். ஆகவே புல்லட்டின் வந்த வாரமே கடிதம் எழுதிக் கொடுத்து, தேர்வின் பெயர், புல்லட்டின் எண், நாள், பதிவெண் எல்லாம் பணிப்பதிவேட்டில் ஏறி, அலுவலகத் தலைவரின் கையொப்பமும் விழுந்ததா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கடிதம் கொடுத்ததற்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கிய நகல் வீட்டில் இருக்கட்டும்.

சொந்த விருப்பத்தில் மாவட்டம் மாறுகிறவர்களும் கவனிக்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு வந்தால் வீட்டுக்குப் பக்கம்தான், ஆனால் இளநிலை உதவியாளருக்கு மாவட்டமே அலகு, அதாவது மாவட்டத்துக்கு ஒரு முன்னுரிமைப் பட்டியல், என்று உள்ள துறைகளில் புதிய அலகின் பட்டியலில் கடைசி ஆளாகத்தான் சேர்வீர்கள். கருணை அடிப்படையில் வந்தவர்கள் பணிவரன்முறை ஆணை, அதாவது பணியை முறைப்படுத்தும் ஆணை, வந்துவிட்டதா என்று பின்தொடர வேண்டும், அது தாமதமானால் மற்றதெல்லாம் தாமதமாகும்.

தேர்வாணையம் வழியாக நேரடியாக வந்தவர்களுக்கு இன்னொரு குழப்பம். முன்னுரிமை என்பது மதிப்பெண் தரவரிசையா, எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று வைத்த இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப் புள்ளியா? சுழற்சி என்பது யாரை எடுப்பது என்பதற்கு, யார் மூத்தவர் என்பதற்கு அல்ல என்று நீதிமன்றங்கள் சொன்னபிறகும், 2016-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் (பணி நிபந்தனைகள்) சட்டத்தின் 40-ஆவது பிரிவில் சுழற்சியையே வைத்தார்கள். அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. பல துறைகளில் பழைய பட்டியலைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. உங்கள் துறையில் திருத்திய பட்டியல் வந்திருக்கிறதா என்று பாருங்கள், கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு காலதாமதம். வரைவு முன்னுரிமைப் பட்டியல் சுற்றுக்கு வரும், "ஆட்சேபணை ஏதுமில்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வழக்கின் பாதி அங்கேயே போய்விடுகிறது. முன்னுரிமையைத் திருத்தக் கோரும் மனுவை மூன்றாண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்துக்கு முந்தைய அரசுப் பணிப் பொது விதிகளிலேயே 35(எஃப்) என்று ஒரு விதி இருந்தது. சதாசிவசாமி என்பவர் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1974-லேயே உச்ச நீதிமன்றம், இளையவருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் ஆறு மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் ஒரு வருடத்துக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. வருடாவருடம் மனு கொடுத்தேன் என்பதும் உதவாது. செத்துப்போன கோரிக்கைக்கு மனு மேல் மனு போட்டு உயிர் கொடுக்க முடியாது என்பது 2008-இல் ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். கட்டுக்கட்டாக மனு நகல்களோடு வருகிறவரிடம் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

வழக்குப் போடுவதென்று முடிவு செய்தால் இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பால் யாருடைய இடம் கீழே இறங்குமோ அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். "பக்கத்து சீட்டுக்காரர் சார், தினமும் ஒண்ணாச் சாப்பிடுறோம், அவர் பேரு வேண்டாமே" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவரைக் கேட்காமல் அவர் இடத்தை நீதிமன்றம் மாற்றாது. நோட்டீஸ் போவதற்கு முன் நீங்களே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள், பட்டியலில் பிழை இருப்பதால்தான் வழக்கு, அவர்மேல் புகார் எதுவும் இல்லையென்று.