501-ஆவது யூனிட்டின் விலை: மின் கட்டணம் திடீரென எகிறாமல் இருக்கக் குமரி மாவட்ட வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரண்டு மாதத்தில் 500 யூனிட் மின்சாரம் செலவழித்த வீட்டுக்குக் கட்டணம் 1805 ரூபாய். அதே வீடு ஒரே ஒரு யூனிட் கூடுதலாக, 501 யூனிட் செலவழித்திருந்தால் 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. கரண்ட் பில்லைப் பார்த்து, "நாங்கள் ஒன்றும் அதிகமாகப் பயன்படுத்தவில்லையே" என்று தலையில் கைவைக்கும் வீடுகளில் பலவற்றின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கணக்கு இப்படி. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் முதல் 100 யூனிட் இலவசம் மட்டும் தொடரும், 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101-இலிருந்து 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதைத் தாண்டினால் 11.55. 2025 ஜூலையில் கட்டணம் மீண்டும் உயர்த்தப்பட்டபோது வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. அதனால் வீடுகளுக்கு இந்த விலைகளே தொடர்ந்தன.

இப்படி ஒரு யூனிட்டில் தாவும் கணக்கு நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது இருக்கும்வரை நம் வீட்டுக் கணக்கை அதை அறிந்துதான் நடத்த வேண்டும். 500-ஐ 60 நாளுக்குப் பங்கிட்டால் நாள் ஒன்றுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். இந்த எட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவை எளிது.

எட்டு யூனிட் எதில் போகிறது? குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. இரவு ஆறு மணி நேரம் ஓடினால் அதற்கே ஆறேழு யூனிட் வரை போகலாம். நம் மாவட்டத்தில் ஏ.சி. இல்லாத வீடுகளையும் கவிழ்க்கும் ஒன்று உண்டு, அது கிணற்று மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்தால் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் இறங்கிவிடும். மோட்டார் ஓடுகிறதே தவிரத் தொட்டி நிரம்பாது. சில நூறு ரூபாய் வால்வை மாற்றாமல் மாதக்கணக்கில் பில்லாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் மார்த்தாண்டம் பக்கமும் தக்கலை பக்கமும் ஏராளம். தென்னைக்கும் வாழைக்கும் வீட்டு இணைப்பிலிருந்தே தண்ணீர் இறைப்பவர்கள் கோடையில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்பு தள்ளிப்போனால்

நாளுக்குச் சரியாக எட்டு யூனிட் செலவழிக்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60-ஆம் நாளில் கணக்கெடுத்தால் 480 யூனிட், 1679 ரூபாய். கணக்கீட்டாளர் நான்கு நாள் தாமதமாக, 64-ஆம் நாளில் வருகிறார். மீட்டர் 512 யூனிட் காட்டுகிறது. கட்டணம் 2140 ரூபாய் 80 காசு. வீட்டில் யாரும் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை. 461 ரூபாய் 80 காசு ஏறிவிட்டது.

அடுத்த முறை சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பாதிதான் ஆகும். அடுத்த கணக்கெடுப்பு 56 நாளில் முடிந்தால் 448 யூனிட், 1477 ரூபாய் 40 காசு. நான்கு மாதத்துக்கும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு முறையும் 60-ஆம் நாளில் எடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட 260 ரூபாய் கூடுதல். அந்தப் பணம் திரும்பி வராது.

ஆகவே, கணக்கெடுத்த தேதி மீட்டர் எண்ணைப் போலவே முக்கியம். கணக்கீட்டு அட்டையில் முந்தைய தேதியையும் இந்தத் தேதியையும் பாருங்கள். நாள்கள் கூடி, அதனால் மட்டுமே 500-ஐத் தாண்டியிருந்தால், உங்கள் பிரிவு அலுவலகத்தின் உதவி மின் பொறியாளரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். இரண்டு தேதிகள், இரண்டு எண்கள், நாள் சராசரி ஆகிய மூன்றும் மனுவில் இருக்கட்டும். 60-ஆம் நாளில் மீட்டரை நீங்களே படம் பிடித்து வைத்திருந்தால் அந்த மனுவுக்குப் பலம் கூடும். வாரத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து வைக்கும் பழக்கத்தை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். 30-ஆம் நாளில் 250-ஐத் தாண்டியிருந்தால் மீதி மாதத்தைத் திருத்திக்கொள்ளவும் நேரம் இருக்கும்.

பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் அவர்களோடு அல்லது பக்கத்து ஊரில், வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது குமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உள்ள நிலை. பூட்டிய வீட்டுக்கு முந்தைய கணக்கின் அடிப்படையில் தற்காலிகக் கட்டணம் போடப்படும். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகள், இப்படித் தற்காலிகமாகக் கணக்கிடுவதை ஒரு நிதியாண்டில் இரண்டு சுற்றுக்கு மேல் நீட்டக்கூடாது என்கின்றன. சாவி வைத்திருக்கும் உறவினரிடம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் மீட்டரை வெளிச்சுவரில், வாசல் திறக்காமலே பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் என்ன மாற்றும்

தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய ஸ்மார்ட் மீட்டர் தமிழ்நாட்டில் முதலில் சென்னை தியாகராய நகரில் பொருத்தப்பட்டது. இது யூனிட்டின் விலையை மாற்றும் கருவி இல்லை. விலையை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆனால் தேய்ந்துபோன பழைய சக்கர மீட்டர் மெதுவாக ஓடியிருந்தால், புதிய மீட்டர் முழுதாகக் கணக்கிடும்போது பில் கூடும். மீட்டர் மாற்ற வரும் நாளில்தான் பெரிய தவறுகள் நுழைகின்றன. பழைய மீட்டரின் இறுதி எண், அதன் வரிசை எண், புதிய மீட்டரின் தொடக்க எண் ஆகியவற்றைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிக் கொண்டுபோன மீட்டரில் என்ன எண் இருந்தது என்று பிறகு நிரூபிக்க உங்களிடம் வேறெதுவும் இருக்காது.

2023 ஜூனில் திருத்தப்பட்ட மத்திய விதிகள் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குச் சில பாதுகாப்புகளைத் தருகின்றன. மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து படித்து, அந்த விவரத்தை நுகர்வோர் பார்க்கும்படி தர வேண்டும். கணக்கீட்டாளர் எப்போது வருவார் என்ற நிச்சயமின்மைக்கு இது மருந்தாகும். வீடு ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சாரமாக அந்த மீட்டர் காட்டும் அளவை வைத்து, அது பொருத்தப்படுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் விதிக்கக்கூடாது. அனுமதித்த மின்பளுவை, அதாவது வீடு ஒரே நேரத்தில் இழுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அளவை, ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை மீறினால்தான் பளுவை உயர்த்தலாம். இரண்டு ஏ.சி. வாங்கிவிட்டு பழைய பளுவிலேயே இருப்பவர்கள் இந்தக் கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். முன்கூட்டியே மனு கொடுத்துப் பளுவை உயர்த்திக்கொள்வது நல்லது.

பகலில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்னும் நேரவாரிக் கட்டணமும் அதே திருத்தத்தில் உள்ளது. 2024 ஜூலைப் பட்டியலில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு அது இல்லை. அப்படி ஒன்று வந்தால் வெயில் நேரத்தில் மோட்டார் போடுவது மலிவாக இருக்கும். விதியின்படி அந்நேர விலை வழக்கமான விலையைவிட 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும்.

மீட்டரையே சந்தேகித்தால்

முதலில் வீட்டைச் சோதியுங்கள். எல்லாச் சாதனங்களையும் அணைத்து, இன்வெர்ட்டர் இணைப்பையும் எடுத்துவிட்டு, மீட்டரில் துடிக்கும் சிறு சிவப்பு விளக்கைப் பாருங்கள். மீட்டரின் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தால் அது 3200 முறை துடித்தால் ஒரு யூனிட். ஒன்றும் ஓடாதபோது அது துடிக்கக் கூடாது. துடித்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். அப்போது நின்றுவிட்டால் கசிவு வீட்டு ஒயரிங்கில் இருக்கிறது. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. ஓட்டு வீடுகளின் ஈரச் சுவருக்குள் பழைய ஒயர் கசிவது அரிதில்லை. அது பணத்தை மட்டும் தின்பதில்லை, உயிருக்கும் ஆபத்து. உடனே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மெயினை அணைத்த பிறகும் விளக்கு துடித்துக்கொண்டிருந்தால் மீட்டர்மீது புகார் கொடுக்கலாம்.

கட்டணம் செலுத்தி மீட்டரைச் சோதிக்கக் கோருவது உங்கள் உரிமை. பிழை மீட்டரில்தான் என்று தெரிந்தால் அந்தக் கட்டணம் திரும்ப உங்கள் கணக்கில் சேர வேண்டும். மத்திய விதிகளின் 2024 பிப்ரவரித் திருத்தம் இன்னும் வலுவானது: மீட்டர் காட்டுவது உண்மையான பயன்பாடு இல்லை என்று புகார் செய்தால், ஐந்து நாளுக்குள் கூடுதலாக இன்னொரு மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு விதி இருப்பது பலருக்குத் தெரியாது. மனுவில் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மீட்டர் பழுதென்று முடிவானால், அந்தக் காலத்துக்கான யூனிட்டை முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்து முடிவு செய்வது தமிழ்நாடு மின் வழங்கல் விதித் தொகுப்பின் முறை.

பெரிய தொகை வந்தால் அது எதற்கென்று பிரித்துப் பாருங்கள். கூடுதல் காப்புத் தொகையாக இருந்தால் அது செலவு இல்லை, உங்கள் வைப்பு. மின்சாரச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி அதற்கு வட்டி உண்டு. வீட்டு இணைப்பில் முன்னறையைக் கடையாக நடத்தியதற்காக வந்த தொகையாக இருந்தால் அதே சட்டத்தின் 126-ஆம் பிரிவு பாயும். உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு, எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். கன்னியாகுமரியிலும் குளச்சலிலும் வீட்டோடு சேர்த்துச் சிறு வணிகம் செய்பவர்கள் தனி இணைப்பு வாங்கிக்கொள்வது இதனால்தான் அவசியம்.

தொகையில் உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது: கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரியில் வரும் தொகை, இவற்றில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிக் கொடுத்துக் கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. துண்டிப்பதற்கு முன் எழுத்தில் முழுமையாக 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பதும் அதே பிரிவு. "இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று கைபேசிக்கு வரும் செய்தி மோசடி என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். தனியாக வாழும் முதியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

புகாரை மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிவு செய்து பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால் நாகர்கோவில், தக்கலை, குழித்துறை கோட்ட அலுவலகங்களில் நடக்கும் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். தேதியை நாளிதழில் அறிவிப்பார்கள். அதற்கும் மேல் நாகர்கோவில் பார்வதிபுரத்தில் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். மன்றத்தின் உத்தரவில் நிறைவில்லை என்றால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். எந்தப் படியிலும் மனுவின் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். நீங்கள் 30 நாளுக்குள் மனு கொடுத்ததையும் அலுவலகம் செய்த தாமதத்தையும் காட்ட அதுதான் ஆவணம்.