தூண்டில் கோலின் எடை: அட்டை சொல்லாத கணக்கு

ஜூன், ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் கரையோரம் சார்டின் கூட்டம் வரும். அதன் பின்னாலேயே ஷேட் மீனும் வரும். அந்த நாட்களில் டர்பனில் மீன்பிடிச் சாமான் கடைக்குப் போனால், சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் புதுத் தூண்டில் கோல்களின் அட்டைகளைப் படித்துப் பாருங்கள். ‘மிக இலகு’, ‘40 டன் கார்பன்’, ‘98 சதவீதம் கார்பன்’, ‘மின்னல் வேக உணர்திறன்’. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காகப் பல ஆயிரம் ராண்ட் கொடுக்கும்முன் அது எவ்வளவு கொஞ்சம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் எடை. கடற்கரையில் நம் ஆட்கள் வீசும் 14 அடிக் கோல் ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். அதில் 600 கிராம் ரீல் ஒன்று மாட்டி, 5 அவுன்ஸ் ஈயம், அதாவது 142 கிராம், கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரை வேறு. இந்தச் சுமையில் கோல் மட்டும் 50 கிராம் குறைந்தால் தராசுக்குத் தெரியும். தோளுக்குத் தெரியுமா? அந்த 50 கிராம் கோலின் எந்த இடத்திலிருந்து குறைந்தது என்பதைப் பொறுத்தது அது.

சுத்தியலைக் கைப்பிடி நுனியில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு இரும்புத் தலையைப் பிடித்து ஆட்டுங்கள். எடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது முறை கை சுளுவாகச் சுழலும். சுழற்றுவதற்கு ஒரு பொருள் காட்டும் இந்தத் தடையை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். அது தூரத்தோடு நேராகக் கூடுவதில்லை, தூரத்தின் இருமடியாகக் கூடுகிறது. கையிலிருந்து 3 மீட்டர் தள்ளி நுனிப் பக்கம் இருக்கும் 20 கிராம், 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் 2 கிலோவுக்குச் சமமான தடையைக் கொடுக்கும். அதனால்தான் நுனிப் பக்க வளையங்களைத் துருப்பிடிக்காத எஃகுக்குப் பதில் டைட்டானியத்தில் செய்தால், மொத்த எடையில் சில கிராம் மட்டுமே குறைந்தாலும் வீசும்போது நன்றாகத் தெரிகிறது.

இதற்கு நேர்மாறான வேலையும் நடக்கும். அடிப்பக்கக் கைப்பிடியைக் குட்டையாக்கி, மெலிதாக்கினால் அட்டையில் எண் இறங்கிவிடும். ஆனால் சமநிலைப் புள்ளி நுனியை நோக்கி நகர்ந்துவிடுவதால் கோல் முன்பக்கம் தொங்கும், கை சீக்கிரம் வலிக்கும். எடை குறைந்த கோல் கைக்குக் கனமாகிவிடுகிறது. அடிப்பக்கத்தில் கொஞ்சம் எடை சேர்த்த கோலோ, தராசில் கனமாகவும் கையில் இலகுவாகவும் இருக்கும்.

அப்புறம் அந்த ‘டன்’. பலர் இதை மீனைத் தூக்கும் பலம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கார்பன் இழையின் விறைப்பை, அதாவது யங் குணகத்தை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் விசை என்று சொல்லும் அளவு. 24 டன் என்றால் சுமார் 235 கிகாபாஸ்கல். 40 டன் என்றால் 390ஐ ஒட்டி. கண்ணாடி இழை 70 சொச்சம்தான், அதோடு கார்பனைவிட அடர்த்தியும் அதிகம். எனவே ஒரே விறைப்புக்குக் கார்பன் குறைவாகப் போதும், கோல் இலகுவாகும். இது முழு உண்மை. சொல்லாமல் விடுவது இதுதான்: பொதுவாக விறைப்பு ஏற ஏற இழை முறிவதற்குமுன் நீளும் அளவு குறைகிறது. சாதாரணக் கார்பன் இழை ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை நீளும். உயர் விறைப்பு இழைகள் ஒரு சதவீதத்தை ஒட்டியே முறிந்துவிடும். தவிர, ஒரே கோலில் பல தர இழைகளைக் கலந்து சுற்றுவது வழக்கம். அட்டையில் ஏறும் எண் அவற்றில் மிக உயர்ந்த ஒன்றாக இருக்கலாம்.

கோல் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் மீதி புரியும். ரெசின் என்னும் பிசின் ஊறிய கார்பன் இழைத் தாளை வெட்டி, கூம்பிச் செல்லும் எஃகுக் கம்பியின்மேல் சுற்றி, மேலே நாடாவை இறுக்கி, அடுப்பில் சுட்டு, பிறகு கம்பியை உருவி எடுக்கிறார்கள். கிடைப்பது உள்ளீடற்ற குழாய். மெல்லிய சுவர்க் குழாயின் விறைப்பு, சுவர்த் தடிமனோடு ஒரு மடங்காகவும் விட்டத்தோடு மும்மடியாகவும் ஏறும். எனவே விட்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சுவரை நிறைய மெலிதாக்கினால், விறைப்பு கெடாமல் எடை குறையும். அருமையான வித்தைதான். ஆனால் குழாய் வளையும்போது அதன் வட்ட வாய் நசுங்கி நீள்வட்டமாகிறது. ஓர் எல்லைக்குமேல் சட்டென்று மடிந்துவிடும். இந்த நசுங்கலை 1927இல் பிரேசியர் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார். அதைத் தடுப்பவை, நீளவாக்கில் ஓடாமல் குழாயைச் சுற்றி ஓடும் குறுக்கு இழைகள். வளைவைத் தாங்குவதில் அவற்றுக்கு நேரடிப் பங்கு குறைவு என்பதால், எடை குறைக்க நினைப்பவர் கண் முதலில் அவற்றின்மேல்தான் விழும். குறுக்கு இழை குறைந்த கோல் கடையில் அழகாக வளையும். பாறையில் ஒரு தட்டு, ஈயக்குண்டின் ஓர் அடி, பக்கி என்னும் பிக்அப் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போகும்போது ஓர் உரசல் போதும். சில வாரம் கழித்து முழு வீச்சில் அதே இடத்தில் முறியும். கரையில் நின்று கனத்த ஈயம் வீசுகிறவர்களுக்கு 60 கிராம் கூடுதல் சுவர் ஒரு குறையே இல்லை என்பேன்.

‘98 சதவீதம் கார்பன்’ பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரெசின். ஆகவே அந்த எண் மொத்தக் கோலுக்குப் பொருந்தாது, மொத்த இழைகளில் கார்பன் இழையின் பங்கையே சொல்லும்.

உணர்திறன் சுவாரசியமானது. கார்பன் கோலின் நீளவாக்கில் அதிர்வு நொடிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் ஓடும், கண்ணாடி இழைக் கோலில் அதில் பாதி. சரி, 4 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம்? இரண்டிலுமே ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. மனிதக் கை அந்த வித்தியாசத்தை உணரவே முடியாது. கார்பன் கோலில் கடி தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், நுனி இலகுவாக இருப்பதால் சிறு இழுப்பும் அதை அசைக்கிறது என்பதே. அதற்கும் மேலாக, கடலில் கிடக்கும் 80 மீட்டர் நைலான் நரம்பு அந்த இழுப்பை ரப்பராக விழுங்கிவிடும். முறியுமுன் நைலான் 20 சதவீதத்துக்கு மேல் நீளும். பின்னல் நரம்பு சில சதவீதம்தான். உணர்திறன் வேண்டும் என்றால் முதலில் நரம்பை மாற்றுங்கள், செலவும் குறைவு.

ஒன்றை மட்டும் எல்லா அட்டையிலும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று விரும்புகிறேன்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. நாட்டாலின் கோடைக்கால இடிமழையில் 14 அடிக் கார்பன் கோலை நிமிர்த்திப் பிடித்து நிற்பது ஆபத்து. இடி கேட்டவுடன் கோலைக் கீழே கிடத்திவிட்டு வண்டிக்குள் போய்விடுங்கள். மின்கம்பிக்குக் கீழே நடக்கும்போதும் கோலைத் தாழ்த்தியே பிடியுங்கள்.

கடையில் கோல் பார்க்கும்போது உங்கள் சொந்த ரீலையே எடுத்துப்போய் மாட்டுங்கள். வீசும் பிடியில் பிடித்து, ஒரு வெட்டு வெட்டி நிறுத்துங்கள். நுனி எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்று பாருங்கள். சீக்கிரம் அடங்கினால் நுனி இலகு. அடுத்து, கோலை ஒரு விரலில் கிடத்திச் சமநிலைப் புள்ளியைத் தேடுங்கள். அது ரீலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் மணிக்கட்டு பிழைத்தது.