பப் கிரால்: தவழ்வது யார்?

‘பிராக் நகரில் இரவுநேர மதுபான விடுதித் தவழலுக்குத் தடை’ என்று ஒரு செய்தித் தலைப்பு. அதைக் கைப்பேசியில் எனக்கு அனுப்பிவிட்டு அக்கா மகன் கேட்டான்: “மாமா, அந்த ஊர்ல குடிச்சிட்டுத் தவழ்ந்து போனா போலீஸ் பிடிச்சிடுமா?”

கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். அந்தத் தலைப்பைப் படித்தவனுக்கு வேறென்ன புரியும்? ஒரே இரவில் விடுதி விடுதியாகப் போய்க் குடிப்பதற்கு ஆங்கிலத்தில் பப் கிரால் என்று பெயர். கிரால் என்றால் தவழ்வது. அந்தப் பப் கிரால் தமிழில் ‘தவழல்’ ஆனதை முதல்முறை பார்த்தபோது நானும் சிரித்தவன்தான். பிறகு ஒரு பயணக் காணொளியின் சப்டைட்டிலில் ‘பப் தவழ்தல்’ வந்தது. ஒரு விடுதியின் எந்திரத் தமிழில் ‘வழிநடத்தப்பட்ட பார் தவழல்’ வந்தது. இப்போது செய்தித் தலைப்பிலேயே வந்துவிட்டது. இனியும் பேசாமல் இருந்தால் அகராதிக்குள்ளும் தவழ்ந்து போய்விடும்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் 19ஆம் நூற்றாண்டுச் சுருக்கம். கிரால் என்ற சொல்லின் வேர் ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியில் இருக்கிறது. அங்கே அதற்கு நகத்தால் பிறாண்டுவது என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்து கையும் காலும் ஊன்றி நகர்வதைக் குறித்தது, பிறகு மெல்ல நகரும் எதற்கும் ஆகிவந்தது. லண்டன் தெருவோரம் சவாரி தேடி மெதுவாக உருண்ட குதிரை வண்டிக்குக்கூட ‘கிராலர்’ என்றே பெயர் இருந்தது. இந்த மெதுநடைக் கிரால்தான் பின்னர் பப்போடு ஒட்டிக்கொண்டது. ஒரு பப்பில் ஒன்று, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று என்று ஒரே இரவில் பல இடங்களில் குடிப்பது அதன் பொருள். கடைசிக் கடையிலிருந்து வெளியே வருபவர் எப்படி வருவார் என்ற கிண்டலும் சொல்லுக்குள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிண்டல் சொல்லின் ஓரத்தில்தான் இருக்கிறது. பொருளின் நடுவில் இருப்பது ‘ஒன்றை அடுத்து ஒன்று’.

நான் அப்படி ஒன்றில் போயிருக்கிறேன், செக் நாட்டுத் தலைநகரான அதே பிராக்கில், தடைக்கு முன்பு. பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் வந்து சேரும்படி சொன்னார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டினார்கள். கூட்டிப்போன பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒவ்வொரு கடையிலிருந்து கிளம்பும்போதும் பள்ளிச் சுற்றுலா வாத்தியார் மாதிரி தலைகளை எண்ணினான். முதல் கடையில் பதினேழு பேர், நாலாவதில் பதினான்கு. காணாமல்போன மூவரைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த கடையில் சொல்லிவைத்த நேரம் தப்பிவிடக் கூடாது என்பதுதான் அவன் கவலை. அதனால் கருங்கல் பாவிய தெருவில் எங்களை ஏறக்குறைய ஓடவிட்டான். அன்றைக்கு நான் செய்த ஒரே செயல் வேகநடை. தவழ அவன் நேரம் கொடுத்திருந்தால்தானே?

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. செக் நாட்டவர் குடிக்கும் முறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் ‘ஹொஸ்பொடா’ என்று சொல்லும் கடையில் ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்தால் இரவு முழுக்க அங்கேயேதான். பரிசாரகர் ஒரு துண்டுச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு, அரை லிட்டர் பீர் கொண்டுவரும் போதெல்லாம் அதில் ஒரு கோடு கிழிப்பார். குவளை காலியாகிற நேரம் பார்த்து, கேட்காமலே அடுத்தது வரும். போதும் என்றால் கீழே வைக்கும் அட்டையை எடுத்துக் குவளையின் வாயை மூடிவிட வேண்டும். இப்படி உட்கார்ந்த இடத்தில் குடிக்கிற ஊரில் கடை மாறி ஓடுவது வந்தவர்களின் வழக்கம். அதனால்தானோ என்னவோ, செக் செய்தித்தாள்களும் தடைச் செய்தியில் ‘பப் கிரால்’ என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்து, தங்கள் பன்மை விகுதியை ஒட்டி எழுதின.

இனி தவழலுக்கு வருகிறேன். தமிழில் தவழ்வது யார்? குழந்தை. அதற்கு அப்பால் மலைமேல் முகில், சோலையில் தென்றல், உதட்டில் புன்னகை. எல்லாம் மென்மையான சங்கதிகள். மூன்று பீர் குடித்து, தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற பதினேழு பேரை இந்த வரிசையில் எங்கே நிறுத்துவது? நம் அரசியல் பேச்சில் தவழ்தலுக்கு இன்னொரு பொருள் வந்துவிட்டது. அதை விளக்க வேண்டியதில்லை. அதுவும் இங்கே உதவாது. ‘ஊர்தல்’ போடலாம் என்றால் பாம்பும் பல்லியும் முன்னால் வந்து நிற்கும். அயர்லாந்தின் டப்ளினில் 1988 முதல் இலக்கிய பப் கிரால் என்று ஒன்று நடக்கிறது. டியூக் தெருவில் உள்ள ஒரு பப்பில் தொடங்கி, நடிகர்கள் இருவர் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போவார்கள். பெக்கெட், வைல்ட் என்று அவ்வூர் எழுத்தாளர்களின் பகுதிகளை வழியில் நடித்துக் காட்டுவார்கள். இதை ‘இலக்கியத் தவழல்’ என்று எழுதிப் பாருங்கள். விருது அறிவிக்கும் பருவத்தில் இங்கே நடப்பதுதான் நினைவுக்கு வரும்.

தவழலைத் தள்ளுவது சுலபம். எனக்கு உண்மையான சண்டை, பப் கிராலுக்குச் சிலர் வைத்திருக்கும் இன்னொரு பெயரான ‘மது உலா’வோடு. ஏனென்றால் அதை ஆக்கியவர்கள் தமிழ் தெரிந்தவர்கள். கேட்க அழகாகவும் இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே பரவுகிறது. பரவிய பிறகு தவறு என்று சொன்னால் தூய்மைவாதி என்பார்கள். நான் தூய்மைவாதி இல்லை. பப் என்ற சொல்லோடு எனக்குப் பகையே கிடையாது. தெளிவு வேண்டும், அவ்வளவே.

முதலில் இலக்கணம். வீதி உலா என்றால் வீதியில் நடக்கும் உலா. நகர் உலாவும் அப்படித்தான். தேர் உலா என்றால் தேர் போகும். ஆக உலாவுக்கு முன்னால் நிற்கிற சொல் போகிற இடமாக இருக்கும், இல்லையேல் போகிற பொருளாக இருக்கும். மது இடம் இல்லை. அப்படியானால் போவது மதுவா? பல்லக்கில் ஒரு புட்டியை வைத்து, முன்னால் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டு நாலு மாடவீதியும் சுற்றிவருகிற காட்சிதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து மரபு. உலா என்பது ஒரு சிற்றிலக்கிய வகை. தலைவன் யானைமீதோ தேர்மீதோ வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவார்கள். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்குப் பாடினார். பிராக்கின் பழைய நகரத்திலும் மாடிச் சன்னலைத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு, எல்லாப் பருவத்தினரும் உண்டு. ஆனால் இரவு ஒரு மணிக்குக் கூச்சல் கேட்டுச் சன்னலைத் திறப்பவர் மயங்கித் திறப்பதில்லை. அந்த மக்களின் புகார்தான் கடைசியில் நகர மன்றத்துக்குப் போய்த் தடையாகத் திரும்பி வந்தது.

‘சுற்றுலாவில் உலா இருக்கிறதே, அப்படியானால் மதுச் சுற்றுலா என்று வைத்துக்கொள்ளலாமே’ என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். அங்கேதான் பெரிய சிக்கல். மதுச் சுற்றுலா என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பிரான்சின் பொர்தோ பகுதித் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய், நிலவறையில் மரப்பீப்பாய்களைப் பார்த்து, ஒரு வாய் சுவைத்துவிட்டு வருகிறார்களே, அது மதுச் சுற்றுலா. 1842இல் பில்ஸ்னர் பீர் பிறந்த பில்சென் நகரத்து ஆலையைப் பார்க்கப் போவதும் அதுவே. அந்த வகைப் பயணிகளைத்தான் நகரங்கள் வா வா என்கின்றன. பப் கிரால் கூட்டத்தைத்தான் வேண்டாம் என்கின்றன. 2023இல் ஆம்ஸ்டர்டாம், கூத்தடிக்க வரும் பிரிட்டிஷ் இளைஞர்களைக் குறிவைத்து ‘இந்தப் பக்கம் வராதீர்கள்’ என்றே விளம்பரம் செய்தது. வேண்டுவதற்கும் வேண்டாததற்கும் ஒரே பெயரை வைத்தால் செய்தி எழுதுகிறவர் என்ன செய்வார்?

இதில் இன்னொரு கோபமும் சேர்ந்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எதற்கெடுத்தாலும் உலாதான். உணவு உலா, புத்தக உலா, பாரம்பரிய உலா. இருபது பேர் சேர்ந்து நடந்தால் உலா என்றாகிவிட்டது. ‘மரபு நடை’ என்று யாரோ ஒருவர் எளிமையாகச் சொன்னது எவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டது! அதைப் பார்த்தாவது கற்றிருக்கலாம். இதோடு ‘பார் உலா’ என்றும் ஒன்றைக் கண்டேன். பார் என்றால் தமிழில் உலகம். உலகத்தையே சுற்றப் புறப்பட்டவர் ஐந்தாவது கடையில் உட்கார்ந்துவிட்டார் போலும்.

‘மதுக்கடை ஊர்வலம்’ பற்றி ஒரு வரி போதும். தமிழ்நாட்டில் அந்தத் தலைப்பைப் பார்க்கிறவர், கடையை மூடச் சொல்லித் துடைப்பத்தோடு போகிற பெண்களைத்தான் நினைப்பார்.

பிற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், கிராலை யாரும் கட்டிக்கொண்டு அழவில்லை. டச்சுக்காரர்களுக்கு அது குடிக்கடைப் பயணம். சுவீடன்காரர்களுக்குக் கடைச் சுற்று. பிரெஞ்சில் பாரையும் மாரத்தானையும் ஒட்டி ‘பாரத்தான்’ என்று ஒரு குறும்புச் சொல் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஜப்பானியருடையது. ‘ஹஷிகோ-ஸகே’ என்பார்கள், ஏணிச் சாராயம் என்று பொருள். ஏணியில் படிப்படியாக ஏறுவதுபோல் கடை கடையாகப் போவது.

அந்த ஏணியைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. நாமும் இப்படித்தானே சொல்கிறோம்? கல்யாணப் புடவைக்குக் கடை கடையாக ஏறி இறங்கினோம். வாடகைக்கு வீடு தேடி வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒன்றை அடுத்து ஒன்று என்பதைச் சொல்ல நமக்குப் பெயர்ச்சொல்லே தேவைப்படவில்லை. சொல்லை இரட்டித்துவிட்டால் போதும், வினை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ‘பிராக்கில் ஒரு ராத்திரி பப் பப்பாக ஏறி இறங்கினோம்’ என்றால் பாட்டிக்கும் புரியும், நான்கு திட்டும் கிடைக்கும். நம் மொழிபெயர்ப்பாளர்களின் நோயே இதுதான். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும் என்று அடம். ‘வழிநடத்தப்பட்ட’ என்று செயப்பாட்டு வினையை வேறு முன்னால் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆள் கூட்டிப்போனான் என்று சொல்ல நாவில் என்ன சுளுக்கு?

பெயர்தான் வேண்டும், தலைப்பில் இடமில்லை என்பவர்களுக்கு என் கட்சி ‘சுற்று’. ஒரு சுற்றுப் போய்வருவதும் சுற்று. மேசையில் எல்லோருக்கும் ஒருமுறை ஊற்றுவதும் சுற்று. நம் குடிகாரர்கள் ரவுண்டு என்பதும் அதைத்தான். இரண்டு பொருளும் இந்த வேலைக்குப் பொருந்துகின்றன. சுற்று என்றால் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டுமே என்று கேட்டால், ஆமாம், அது குறைதான். எங்கள் கூட்டம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை, ஒரு நிலவறை டிஸ்கோவில் போய் முடிந்தது. அந்தக் குறையோடு ஏற்கிறேன்.

பப்புக்கு என்ன சொல்வது? பப் என்றே எழுதலாம். தமிழ் வேண்டுமென்றால் ‘மதுக்கடை’ மட்டும் வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் இங்கே கம்பிக்குப் பின்னால் கை நீட்டி வாங்குகிற கடைதான் தெரியும். யாழ்ப்பாணத்தார் கள்ளுக்கடையைத் தவறணை என்பார்கள். லத்தீனின் ‘தபெர்னா’ வழிவந்த சொல். அவர்கள் தவறணைச் சுற்று என்று சொன்னால் நான் எதிர்ப்பே சொல்லமாட்டேன். ஆனால் பப்ளிக் ஹவுஸ் என்பதற்கு இதைவிடப் பழைய தமிழ் நம்மிடம் கிடக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைச் சொல்லிவருகிற இடத்தில், ‘பலர்புகு மனைப் பலிப் புதவின் நறவு நொடைக் கொடியோடு’ என்று வருகிறது. நறவு நொடை என்றால் கள் விற்பனை. முற்றத்தில் மீனும் ஊனும் பொரிகிற ஓசை. குவித்த மணல், தூவிய பூ. வாசலில் கள் விற்கிற கொடி. அந்த வீடு பலர் நுழைகிற வீடு, பலர்புகு மனை. பப்ளிக் ஹவுஸ் என்பதை இதைவிட நேராகத் தமிழில் சொல்ல முடியாது.

இதற்காக ‘பலர்புகுமனைச் சுற்று’ என்று எழுதச் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். அந்த ‘மனை’யை மட்டும் எடுத்துக்கொண்டு ‘மதுமனை’ என்கிறேன். மதுமனைச் சுற்று, பேச்சில் பப் சுற்று. ஆள் வைத்து நடத்துவதைச் சொல்ல வேண்டுமானால் ‘ஆள் கூட்டிப்போகும் பப் சுற்று’.

பிராக் செய்தியில் அந்த ‘ஆள் கூட்டிப்போகும்’ என்பதுதான் உயிர். 2024 அக்டோபரில் நகர மன்றம் தடுத்தது, இரவு 10 முதல் காலை 6 வரை காசு வாங்கி ஏற்பாடு செய்து நடத்துகிற சுற்றுகளை. தனியாகப் போய்க் குடிப்பவரை அது தொடவில்லை. தலைப்பை எழுதியவர் தவழவைத்த அவசரத்தில் இதைக் கீழே போட்டுவிட்டார்.

அக்கா மகனுக்கு இப்படித் திருத்தி அனுப்பினேன்: ‘பிராக்கில் இரவு 10 மணிக்குமேல் ஆட்களைத் திரட்டிப் பப் பப்பாகக் கூட்டிப்போகத் தடை’. பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

“அப்போ ஆறு மணிக்கே கிளம்பினா நாலு பப் பார்த்துடலாம்ல மாமா? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”