"நான் பீர் மட்டும்தான், டாக்டர்"

குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்பவர்கள் குறைவு. "ஹாட் (விஸ்கி, பிராந்தி வகைகள்) தொடமாட்டேன் டாக்டர், பீர் மட்டும்தான்" என்பார்கள். "ஒயின்தான், அதுவும் ரெட் ஒயின்" என்பார்கள். "நல்ல சரக்குதான், மட்டமானதெல்லாம் தொடுறதே இல்லை" என்பவர்களும் உண்டு. நான் கேட்க வருவது எவ்வளவு என்று. அவர்கள் சொல்வது எது என்று. கல்லீரல் நோயாளிகளைப் பார்த்துவரும் இத்தனை வருடங்களில் நான் அதிகம் கேட்ட பதில் இதுதான். யாரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தான் குடிப்பது ஆபத்தில்லாத ரகம் என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால்தான் பலர் என்னிடம் வந்து சேரும்போது நேரம் கடந்துவிடுகிறது.

ஒருவரை மறக்க முடியவில்லை. நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான். கண்கள் மஞ்சள், கால்களில் வீக்கம், வயிற்றில் நீர் கோத்துத் தொப்புள் வெளியே பிதுங்கியிருந்தது. இரண்டு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னேன். பறவை இறகடிப்பது போல விரல்கள் விட்டுவிட்டு அடித்துக்கொண்டன. கல்லீரல் கழிவை வடிகட்ட முடியாமல் போய், அது மூளையைத் தொட்டுவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அவர் மனைவி சண்டைக்கு வருவது போலக் கேட்டார்: "இவர் பீர்தானே டாக்டர் குடிச்சார்? எங்க அண்ணன் விஸ்கியே குடிக்கிறார். அவருக்கு ஒண்ணும் ஆகலையே!"

நியாயமான கேள்விதான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் குடித்தது 8 சதவீத ஸ்ட்ராங் பீர், அரை லிட்டர் கேன், தினமும் நான்கு. 500 மில்லியில் 8 சதவீதம் என்றால் 40 மில்லி சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது என்பதால் 0.8-ஆல் பெருக்கினால் 32 கிராம். நான்கு கேனுக்கு 128 கிராம். அண்ணன் குடித்தது வாரத்துக்கு இரண்டு நாள், 60 மில்லி பெக் இரண்டு. 40 சதவீத விஸ்கி என்றால் ஒரு நாளைக்கு 38 கிராம், வாரத்துக்கு 76. அண்ணன் ஒரு வாரம் முழுக்கக் குடிப்பதைவிட இவர் ஒரே சாயங்காலத்தில் அதிகம் குடித்திருக்கிறார், அதுவும் பதினோரு வருடமாக. அந்த அம்மா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். (அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது என்று இதற்குப் பொருள் இல்லை. அவரையும் ஒருமுறை அழைத்து வரச் சொன்னேன்.)

இந்தக் கணக்கை எல்லோருக்கும் சொல்லித் தருகிறேன். எத்தனை மில்லி, லேபிளில் எத்தனை சதவீதம், இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்து 0.8-ஆல் பெருக்கினால் கிராம் வந்துவிடும். 5 சதவீத பீர் 330 மில்லி, 12 சதவீத ஒயின் 150 மில்லி, 40 சதவீத பிராந்தி 45 மில்லி. மூன்றுமே 13, 14 கிராம்தான். உள்ளே போன பிறகு கல்லீரலுக்கு நிறமும் தெரியாது, விலையும் தெரியாது. பெரும்பாலானவர்களின் உடலால் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் செரிக்க முடியும். காபி குடித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும் அந்த வேகம் கூடாது. செரிக்கும் வழியில் எத்தனால் (மதுவில் இருக்கும் ஆல்கஹால்) முதலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அது மரபணுவையே சேதப்படுத்தும் நச்சு. எந்தக் கோப்பையிலிருந்து வந்தாலும் அதே நச்சுதான்.

புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1988-லேயே மது வகைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பீருக்கு ஒரு பட்டியல், ஒயினுக்கு ஒரு பட்டியல் என்று பிரிக்கவில்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களோடு மதுவுக்குத் தொடர்பு உண்டு. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளிப்படையாகச் சொன்னது.

மதுவை விட்டுவிட்டு அதில் கலந்த வேறு ஏதோ ஒன்றின் மேல் பழி போடுவது பழைய வழக்கம். அப்சிந்த் என்ற பச்சை நிற மது ஐரோப்பாவில் பிரபலமாக இருந்த காலத்தில், அதைக் குடித்தவர்களுக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வருகிறது என்று பெரிய கூச்சல் எழுந்தது. மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றில் இருக்கும் தூஜோன் என்ற வேதிப்பொருள்தான் காரணம் என்றார்கள். சுவிட்சர்லாந்து 1910-இலும் பிரான்ஸ் 1915-இலும் அதைத் தடை செய்தன. ஒயின் மட்டும் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. தடைக்கு முந்தைய பாட்டில்களைப் பிற்காலத்தில் பரிசோதித்தபோது அவற்றில் தூஜோன் சொற்பமாகத்தான் இருந்தது. ஆல்கஹாலோ 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

சரி, பெக் விஷயத்துக்கு வருகிறேன். என் மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரும் தண்ணீர் பாட்டிலும் அளவுக் குடுவையும் எப்போதும் இருக்கும். பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் "ராத்திரி மூணே மூணு பெக், அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது" என்று சொன்னார். "ஐயா, வீட்டில் ஊற்றுகிற மாதிரியே இந்த டம்ளரில் ஊற்றுங்கள்" என்றேன். தயக்கமே இல்லாமல், பல வருடம் பழகிய கை, டம்ளரைச் சற்றுச் சாய்த்து ஊற்றி நிறுத்தினார். குடுவையில் மாற்றினால் 95 மில்லி. அவர் மனதில் இருந்த பெக் 60 மில்லி. மூன்று பெக் என்பது 58 கிராம் அல்ல, 91 கிராம். குடுவையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டை இரண்டு தடவை பார்த்தார். அடுத்த முறை வரும்போது மருந்துக் கடையில் வாங்கிய அளவுக் கோப்பையோடு வந்தார். அவர் வீட்டில் நடந்த முதல் நல்ல மாற்றம் அதுதான். முழுதாக நிறுத்த இன்னும் ஏழு மாதம் ஆயிற்று.

ஒயின் குடிப்பவர்களிடம் பேசுவது இன்னும் கடினம், ஏனென்றால் அவர்கள் அதை மருந்தாகவே நினைக்கிறார்கள். 1990-களில் பிரெஞ்சுக்காரர்களின் இதய நலத்துக்கு ரெட் ஒயின் காரணம் என்ற கருத்து உலகம் முழுக்கப் பரவியது. ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைக் காரணமாகச் சொன்னார்கள். அது ஒரு லிட்டர் ஒயினில் சில மில்லிகிராம்தான் இருக்கிறது. ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவை எட்ட லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டியிருக்கும். இன்னொரு கோளாறும் இருந்தது. "கொஞ்சமாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நலமாக இருக்கிறார்கள்" என்று சொன்ன பழைய ஆய்வுகள் பலவற்றில், குடிக்காதவர்கள் என்ற கூட்டத்தில் நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாரும் நலமாகத்தான் தெரிவார்கள். என்னிடம் வரும் பெண்களிடம் நான் வெளிப்படையாகச் சொல்வது இது: தினம் 10 கிராம் கூடினாலே மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து சதவீதம் கூடுகிறது. பெரிய கோப்பையில் இரண்டு முறை ஊற்றிக் குடித்தால் 40 கிராம் தாண்டிவிடும். பெண்களின் உடலில் நீரின் அளவு குறைவு என்பதால், அதே எடையுள்ள ஆண் அதே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில்தான் ஆல்கஹால் அதிகமாக ஏறும்.

அப்படியானால் எல்லாம் ஒன்றேதானா என்று கேட்டால், இல்லை, சில வித்தியாசங்கள் உண்மையிலேயே உண்டு. ஹாட் வகைகளில் வேகம்தான் ஆபத்து. வயிறு நிரம்புவதற்குள், போதை தெரிவதற்குள், உயிருக்கு ஆபத்தான அளவு உள்ளே போய்விடும். மயங்கிக் கிடப்பவர் மல்லாந்து படுத்தபடி வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தண்ணீர் கலக்காமல் குடிப்பவர்களுக்குத் தொண்டையும் உணவுக்குழாயும் நேரடியாகப் புண்ணாகின்றன. கூடவே சிகரெட்டும் இருந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. பீரில் வேறு தொல்லை. கவுட் என்ற மூட்டுவலிக்கு மது வகைகளிலேயே அதிகம் காரணமாவது பீர்தான். அதிலுள்ள பியூரின் என்ற பொருள் ரத்தத்தில் யூரிக் அமிலத்தை ஏற்றுகிறது. கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே துடித்துப்போகிறவரிடம் நான் முதலில் கேட்பது பீரைப் பற்றித்தான். அடர் நிற மதுவில் மறுநாள் தலைவலி அதிகம், நிறமில்லாததில் குறைவு. அது தலைவலியோடு நின்றுவிடும் வித்தியாசம், கல்லீரலுக்கு அதனால் எந்தச் சலுகையும் இல்லை. எனர்ஜி டிரிங்க் கலந்து குடிக்கும் இளைஞர்களை நினைத்தால்தான் எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது. கஃபீன் தூக்கத்தை விரட்டுகிறது, போதையைக் குறைப்பதில்லை. தெளிவாக இருக்கிறோம் என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுகிறார்கள்.

லேபிளே இல்லாத சரக்கு தனி விஷயம். அதில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்திருந்தால் வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். 10 மில்லியே கண்ணைப் பறிக்கப் போதும். பலருக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. அப்புறம்தான் வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போன்ற மங்கல். போதை தெளியட்டும் என்று படுக்க வைத்துக் காத்திருக்கக் கூடாது. சேர்ந்து குடித்த மற்றவர்கள் நலமாகத் தெரிந்தாலும் அவர்களையும் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். நேரத்தோடு வந்தால் நச்சுமுறி மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன.

"குறைச்சுட்டேன் டாக்டர், இப்ப பீருக்கு மாறிட்டேன்" என்று சொல்பவர்களிடம் கிராமைக் கேளுங்கள் என்று அவர்கள் குடும்பத்தாரிடம் சொல்கிறேன். பல சமயம் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. அதே சமயம், இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையிலிருந்து சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவருக்கு மட்டும் சொல்கிறேன் இதை. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்து ஆளும் இடமும் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வது போன்ற தோற்றம். இவை உயிரையே பறிக்கக்கூடியவை. பீர் மட்டும் குடித்தவருக்கும் இது வரும். "நல்ல காரியம்தானே, நிறுத்திட்டார்னு சந்தோஷப்பட்டோம்" என்று, வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்ட மகனைத் தூக்கிவந்த ஒரு அப்பா என்னிடம் அழுதார். மருந்தோடும் வைட்டமின் பி1-ஓடும் நிறுத்தினால் பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். கல்லீரலில் கொழுப்பு மட்டும் படிந்த நிலையிலேயே நிறுத்தியவர்களுக்குச் சில வாரங்களில் கல்லீரல் தேறிவருவதை ஸ்கேனிலேயே பார்க்கிறேன்.

மருத்துவரிடம் வரும்போது பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், முடிந்தால் வழக்கமாக ஊற்றிக் குடிக்கும் அந்த டம்ளரையும்.