பெட் ஸ்கேனுக்கு முன் அரை டம்ளர் காபி

போன வாரம், உடம்பில் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேனுக்கு ஒரு பெரியவர் வந்தார். வயது 68, லிம்ஃபோமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்தவர். நோய் போய்விட்டதா, மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டதற்கு, "இல்லைங்க, வெறும் வயிறு" என்றார். விரலில் குத்திப் பார்த்தோம், சர்க்கரை 118. சரி என்று மருந்தைப் போட்டு ஒரு மணி நேரம் படுக்க வைத்துப் படம் எடுத்தோம். தோள், முதுகு, தொடை என்று ஒவ்வொரு தசையும் தனித்தனியாகக் கருகருவென்று தெரிந்தது. ஈரல் மங்கிக் கிடந்தது. நான் பார்க்க வேண்டிய கழுத்து நிணநீர் முடிச்சுகளைச் சுற்றியிருந்த தசையே மறைத்துவிட்டது.

மகளிடம் விசாரித்தேன். "காலையில அஞ்சரைக்கு அரை டம்ளர் காபி குடிச்சாரு டாக்டர். சர்க்கரை ஏறிடக் கூடாதுன்னு இன்சுலினும் போட்டுக்கிட்டாரு."

இந்த மாதத்தில் இப்படி நடப்பது இது நான்காவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெட் ஸ்கேனில் நாங்கள் போடும் மருந்தின் பெயர் எஃப்.டி.ஜி. அது குளுக்கோஸேதான், ஓரிடத்தில் மட்டும் கதிரியக்க ஃப்ளூரின்-18 ஒட்டியிருக்கும். புற்றணுக்கள் குளுக்கோஸை அள்ளி விழுங்கும் என்பதை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார். 1976-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்த மருந்தை முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்தார்கள். உயிரணு இதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுக்கும். முழுதாகச் செரிக்க முடியாமல் உள்ளேயே தேக்கி வைத்துக்கொள்ளும். தேங்கிய இடம்தான் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது.

இனி, வெறும் வயிறு எதற்கு? மயக்க மருந்துக்கு முன் சாப்பிடக் கூடாது என்பார்களே, அதுபோல வாந்தி வரும் என்பதற்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் "கொஞ்சமாத்தான் குடிச்சேன்" என்கிறார்கள். வாந்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் குடித்த காபியின் சர்க்கரையும் எங்கள் மருந்தும் ஒரே வாசலில் முண்டியடிக்கும். உடம்பு இன்சுலினைச் சுரந்து, இருக்கிற குளுக்கோஸையெல்லாம் தசைக்குள் தள்ளும். எங்கள் மருந்தும் கூடவே போய்விடும். ஊசியாக இன்சுலின் போட்டாலும் இதே கதைதான். அளவு 118 காட்டினாலும் படம் கெட்டுப்போவது இப்படித்தான். விரல் நுனியில் பார்க்கும் எண், மருந்து எங்கே போகிறது என்பதைச் சொல்லாது. சர்க்கரை போடாத காபி என்றாலும் அதில் பால் இருக்கிறது. இளநீர், ஹார்லிக்ஸ், இருமல் மிட்டாய், சூயிங்கம் எதுவும் வேண்டாம். 6 மணி நேரம் தண்ணீர் மட்டும். அதை நிறையவே குடிக்கலாம்.

இன்சுலின் போடுகிறவர்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுக்கிறவர்கள் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகப் போடவும் வேண்டாம். நேரம் வாங்கும்போதே எங்களிடம் கேளுங்கள். முந்தின நாள் ஜிம், நீண்ட நடை கூடாது. உழைத்த தசையும் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஊசி போட்ட பிறகு போனில் பேசாதீர்கள். பேசினால் குரல்வளைத் தசையில் மருந்து ஏறும், அதை முடிச்சு என்று சந்தேகப்பட வேண்டிவரும்.

கதிரியக்கம் உடம்பிலேயே தங்கிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: ஃப்ளூரின்-18-ன் அரை ஆயுள் 110 நிமிடம்தான். மறுநாள் அதே நேரத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அன்றைக்கு மட்டும் கைக்குழந்தையைத் தூக்காமல், கர்ப்பிணிகள் அருகில் உட்காராமல் இருங்கள். நீங்கள் கர்ப்பமாக இருக்கலாம் என்றாலோ, தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றாலோ ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்.

இன்னொன்று. அறிக்கையில், ஓரிடத்தில் மருந்து எவ்வளவு தேங்கியது என்று காட்டும் 'எஸ்.யூ.வி.' எண்ணைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் இணையத்தில் தேடி அழாதீர்கள். காசநோய் முடிச்சும் புற்றுநோய் மாதிரியே படத்தில் தெரியும். நம் ஊரில் அது எவ்வளவு சாதாரணம் என்பது தினமும் பார்க்கிற எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பெரியவரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். பல ஆயிரம் ரூபாய் செலவு, அதைவிட அதுவரை பதில் தெரியாத நாட்கள். தயவுசெய்து, தெரியாமல் எதையாவது சாப்பிட்டுவிட்டால், ஊசி எடுத்து வரும் பணியாளரிடம் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம். உங்களுக்கான மருந்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, உங்களை மதியத்துக்கோ வேறொரு நாளுக்கோ மாற்றிக்கொள்வோம். ஊசி ஏறிய பிறகு சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.