இதயம் தனக்கென வைத்திருக்கும் அரை விநாடி

பிறக்கும்போதே ஒவ்வொருவருக்கும் இத்தனை துடிப்புகள் என்று அளந்து கொடுக்கப்பட்டிருக்கும்போது, ஓடியும் நீந்தியும் இதயத்தை வேகமாகத் துடிக்கவைப்பது அந்தக் கையிருப்பை விரைவில் கரைத்துவிடாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அப்படியொரு கையிருப்பு இருப்பதற்கு உடலியலில் சான்று எதுவும் இல்லை. ஒரு பேச்சுக்கு இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், கணக்கு அவர் அஞ்சியதற்கு நேர்மாறாக வருகிறது. பயிற்சியே இல்லாத ஒருவருடைய இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்தால் ஒரு நாளில் 1,00,800 துடிப்புகள் ஆகின்றன. பல மாதப் பயிற்சியால் ஓய்வுநிலைத் துடிப்பு 60 ஆக இறங்கிவிட்ட மற்றொருவர், நாள்தோறும் ஒரு மணி நேரம் 140 துடிப்புகளில் ஓடினாலும், அந்த மணி நேரத்துக்கு 8,400, எஞ்சிய 23 மணி நேரத்துக்கு 82,800 என மொத்தம் 91,200தான் செலவழிக்கிறார்.

ஓய்வில் இருக்கும் உடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் வேண்டும். இந்தத் தேவை பயிற்சியால் பெரிதாக மாறுவதில்லை. எனவே துடிப்பு குறைய வேண்டுமானால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் கூடியாக வேண்டும். இதற்கான முதல் மாற்றம் இதயத்தில் அல்ல, இரத்தத்திலேயே தொடங்குகிறது. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் சற்றுக் கூடுதலாகத் தக்கவைத்துக்கொள்ள, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு உயர்கிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மிகுந்து கீழறையின் சுவரை இழுத்து விரிக்கும்போது, இழுபட்ட தசை முன்னிலும் வலுவாகச் சுருங்குகிறது. உடலியல் அறிஞர்களான ஓட்டோ ஃபிராங்க் 1895இலும், எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1914ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் விளக்கிய இந்தப் பண்பை ரப்பர் பட்டையோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அந்த ஒப்புமையில் முழு உடன்பாடு இல்லை. ரப்பர் இழுத்த விசையைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான், இதயத் தசையிலோ இழுபடும் இழைகள் கால்சியத்துக்கு மேலும் கூர்மையாக வினைபுரியத் தொடங்கிப் புதிதாக விசையை உண்டாக்குகின்றன. பயிற்சி மாதக்கணக்கில் நீடித்தால் கீழறையே சற்று விசாலமாகிறது.

துடிப்பு மெதுவாவதற்கு, மூளையிலிருந்து இறங்கி இதயத்தை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பின் கட்டுப்பாடு மிகுவதே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பயிற்சி தரப்பட்ட எலிகளில் அந்த நரம்பின் பிடியைத் தடுத்த பின்னும் துடிப்பு மெதுவாகவே இருந்ததை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவின் செல்களிலேயே, மின்னூட்டம் பெற்ற துகள்களை உள்ளே விடும் அயனி வாயில்கள் குறைந்திருந்தன. இந்த வழக்கில் இன்னும் இறுதித் தீர்ப்பு வரவில்லை.

இதயம் மெதுவாகத் துடிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இடது கீழறை, தான் சுருங்கும் கணத்தில் தன் சுவருக்குள் ஓடும் இரத்தக்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. ஆகவே ஊருக்கெல்லாம் படியளக்கும் அந்தத் தசை, தன் பங்கைப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் இடைவேளையில்தான் பெற்றுக்கொள்ள முடிகிறது. அதுமட்டுமன்று, உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஓய்வில் இரத்தத்தின் ஆக்சிஜனில் கால் பங்குதான் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்றால், இதயத் தசையோ தன்னிடம் வரும் ஆக்சிஜனில் 70 முதல் 80 விழுக்காட்டை எப்போதுமே உறிஞ்சிவிடுகிறது. மேலும் தேவைப்பட்டால் மேலும் இரத்தம் வந்தாக வேண்டும்.

இப்போது நேரத்தைக் கணக்கிடுவோம். நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு 0.8 விநாடி நீடிக்கிறது; அதில் சுருங்குவதற்கு ஏறத்தாழ 0.3 விநாடி போக, தளர்வுக்கு அரை விநாடி கிடைக்கிறது. துடிப்பு 50 ஆகும்போது ஒரு துடிப்பின் நேரம் 1.2 விநாடியாக நீள்கிறது. சுருங்கும் நேரம் சிறிதளவே கூடுவதால், மிச்சம் முழுவதும் தளர்வுக்கே போய்ச் சேர்ந்து, அது 0.85 விநாடி அளவுக்கு உயர்கிறது. நிமிடக் கணக்கில் பார்த்தால், முதல் இதயம் சுமார் 38 விநாடிகளும் இரண்டாவது இதயம் 42 விநாடிகளுக்கு மேலும் தனக்கான இரத்தத்தைப் பெறுகின்றன. துடிப்புகள் குறைந்ததால் தேவையும் சுருங்கியிருக்கும் வேளையில் இந்தக் கூடுதல் வரவு!

ஓடும்போது நிலைமை தலைகீழாகிறது. தளர்வு நேரம் வெகுவாகச் சுருங்கினாலும், நலமான இதயத் தமனிகள் விரிந்து நான்கைந்து மடங்கு இரத்தத்தைக் கொண்டுவந்து ஈடுகட்டிவிடுகின்றன. கொழுப்புப் படிந்து குறுகிய தமனிகளால் அது இயலாது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அழுத்தி, நின்றால் அடங்கும் வலிக்கு இதுவே வழக்கமான காரணம். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

ஒருவருடைய உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தவல்லது என்பதே இதய நுரையீரல் திறனின் அளவுகோல். 1870இல் உடலியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக் வகுத்த கொள்கையின்படி, இதயம் அனுப்பும் இரத்தத்தின் அளவையும், அதன் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் திசுக்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவையும் பெருக்கினால் இது கிடைக்கும். 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தபோது, இந்தத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஐந்தே பேர்தானே என்று தோன்றலாம். ஆனாலும் நோயாளிகளை நெடுநாள் படுக்கவைப்பதைப் பற்றிய மருத்துவ உலகின் எண்ணத்தை அது மாற்றியது. நடையையும் ஓட்டத்தையும் காப்புரிமை செய்து விற்க முடியாது என்பதால், இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் போட மருந்து நிறுவனங்கள் முன்வருவதில்லை. அரசு நிதிதான் இவற்றுக்குத் துணை என்பது என் கருத்து.

அதே ஐவரையும் 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை குறைத்திருந்த திறன், அன்று மூன்று வாரப் படுக்கை குறைத்ததைவிடக் குறைவாகவே இருந்தது. பிறகு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தபோது, 20 வயதில் படுக்கவைப்பதற்கு முன் அவர்களுக்கு இருந்த அளவை மீண்டும் எட்டினார்கள். ஆனால் ஃபிக்கின் பெருக்கலில் உயர்ந்தது இரண்டாவது எண்: இதயம் அனுப்பிய அதிகபட்ச இரத்தத்தின் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்க, வந்த இரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டவை கால்தசைகள் முதலிய திசுக்களே.